டீச்சருக்கு வந்த பதில்

அலுவலகக் கழிப்பறையின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு செல்போனைத் திறந்தேன்.

வெளிநாட்டு நண்பன் ஒரு படம் அனுப்பியிருந்தான். சிறையிலிருந்து அக்கா எழுதிய பதில். எனக்கல்ல, அவன் ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருக்கு.

அந்த டீச்சர் நான்தான்.

அக்கா செய்த குற்றம், அமைச்சகத்து வாசலில் பதினோரு பேரோடு ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. வாயைத் திறக்கவே இல்லை. அதற்கே இரண்டு வருடம்.

தீர்ப்பு வந்த மறுநாள் மேலதிகாரி என் மேஜையில் ஒரு தாளை வைத்தார். அவளுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று டைப் செய்திருந்தது.

"கையெழுத்துப் போடுறீங்களா, வீட்டுக்குப் போறீங்களா?"

போட்டேன். தையல் மெஷின் மிதித்து என்னைப் படிக்கவைத்தவளை ஒரே கையெழுத்தில் தலைமுழுகினேன்.

வேலை மிஞ்சியது. ஆனால் அலுவலகத்தில் யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அக்காவின் தோழிகள் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அவளுக்கோ, முன்பின் தெரியாதவர்களெல்லாம் பல நாடுகளிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். வெளிநாட்டுத் தபால்தலைக்குச் சிறையிலும் மரியாதை உண்டு. பிரித்துப் படித்தாலும் கொடுத்துவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் நானும் நுழைந்துகொண்டேன். நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவேன். நண்பன் தன் கையெழுத்தில் நகலெடுத்துத் தபாலில் போடுவான்.

"டேய், அக்காவுக்குக் குளிர் வந்தா இருமல் வரும்னு டீச்சருக்கு எப்படிடா தெரியும்?" என்று அவன் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் மூன்று கடிதங்கள் போய்ச் சேர்ந்திருந்தன.

படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன்.

'அன்புள்ள டீச்சர், இதுவரை இருநூறு பேர் எழுதியிருக்கிறார்கள். கார்டுகளை வைக்க இடமில்லை. எனக்கு ஆளில்லை என்ற குறையே இல்லை.

'ஓர் உதவி வேண்டும். வெளியே எனக்குத் தெரிந்த ஒருவன் இருக்கிறான். அவனுக்குத்தான் பேச ஆளில்லை. உங்களில் யாராவது அவனுக்கும் நாலு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.'

தம்பி என்று எழுதவில்லை. சிறை அதிகாரிகள் படிப்பார்கள் அல்லவா? நான் போட்ட கையெழுத்தை அவள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். அழுவது கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

இன்னும் ஒரு வரி இருந்தது.

'முகவரி நான் தர வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும்.'