பின்னால் வந்த வண்டி

"முடியலடா. நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. ஏரிக்கெல்லாம் வேணாம், நேரா லே டவுனுக்குப் போயிடுவோம்." ஹரிஹரன் கூடாரத்துக் கட்டிலில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வாசலில் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த முகிலன் திரும்பிப் பார்த்தான். "போலகத்து வயக்காட்டுக் காத்தக் குடிச்சு வளந்த நெஞ்சு. இதுக்கே மக்கர் பண்ணுதா?"

காரைக்காலில் ஒரே கல்லூரியில் படித்த நாளிலிருந்து இந்தப் பயணத்தைப் பேசிப் பேசி, இப்போதுதான் இருவரும் ஆளுக்கொரு வண்டியில் லடாக் வரை வந்திருந்தார்கள். பாங் என்ற இடத்துக் கூடாரங்களிலிருந்து கிளம்பி உப்பு ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. மலை உச்சியில் உப்புத் தண்ணீர் எப்படி வந்தது என்று பார்த்தே தீர வேண்டும் என்பது கோட்டுச்சேரிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளையான முகிலனின் ஆசை.

ஹரிஹரனின் நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. விடிந்ததும் அவன் போனுக்கு ஓர் அழைப்பு வந்திருந்தது. வெளியூர் ப்ரீபெய்ட் சிம் எடுபடாத லடாக்குக்குள் நுழைந்ததுமே முகிலனின் போன் செத்துப்போயிருந்ததால், முகிலனின் தங்கை வினோதினி இவனைக் கூப்பிட்டாள்.

"ஹரிண்ணே, அப்பா ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாங்க. அண்ணன்ட்ட இப்ப சொல்லிடாதீங்க. சொன்னா அந்த மலையில என்ன வேகத்துல வரும்னு எங்களுக்குத் தெரியும். பத்திரமா கீழ கொண்டு வந்துட்டு சொல்லுங்க. நாளைக்குக் காலையில ப்ளைட் பாத்துடலாம்."

அவளிடமிருந்து போனை வாங்கி மாமாவும், பிறகு எதிர்வீட்டுக் கருப்பையனும் அதையே சொன்னார்கள். அதற்குள் முகிலன் பல் துலக்கிவிட்டு வந்துவிட்டான்.

"யாருடா போன்ல?"

"உங்க வீடுதான். சும்மா விசாரிச்சாங்க. சிக்னல் போயிடுச்சு." பொய் சொல்லிப் பழகாதவன், நம்பும்படி இருக்கட்டும் என்று கையில் இருந்த விவரத்தையெல்லாம் சேர்த்தான். "உங்க மாமா பேசினாரு, கருப்பையன் அண்ணன் பேசினாரு. தெருவே கூடி நின்னு விசாரிக்குது. அப்பா மட்டும் கடலுக்குப் போயிட்டாராம்."

"மாமாவுமா பேசினாரு?"

"ஆமாடா."

முகிலன் கொஞ்ச நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றான். பிறகு எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு செயினருகே போய் உட்கார்ந்தான். ஹரிஹரன் கட்டிலில் உட்கார்ந்து மார்பைப் பிடித்துக்கொண்டது அதற்கப்புறம்தான்.

ஏரியை விட்டுவிட முகிலன் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. "சரி, லேவுக்கே போவோம். நீ முன்னாடி போ. நான் பின்னால வர்றேன். கண்ணாடியில என்னையப் பாத்துக்கிட்டு ஓட்டாத, ரோட்டப் பாரு."

மோரே சமவெளி தொடங்கியது. மரமில்லை, வீடில்லை, எதிரே ஒரு லாரிகூட இல்லை. இருபுறமும் மண் நிறத்து மலைகள்; எவ்வளவு ஓட்டினாலும் அவை அதே இடத்தில் நின்றன.

கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்று ஹரிஹரன் கிளட்சை அழுத்தித்தான் தெரிந்துகொண்டான். முகிலனின் அப்பா அமிர்தலிங்கத்தின் முகத்தை நினைத்துப் பார்த்தான், வரவில்லை. கிளம்பிய அன்று அவர் இரண்டு வண்டிகளின் டயரையும் அமுக்கிப் பார்த்தது மட்டும் வந்தது. அழுகையும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய், வண்டியின் உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வேகத்துக்குப் பேர்போன முகிலன் அன்று ஒருமுறைகூட முந்தவில்லை. தங்லாங் லா கணவாயின் ஏற்றத்தில் ஹரிஹரனின் பின்சக்கரம் சரளைக் கல்லில் வழுக்கியபோது, பின்னாலிருந்து குரல் வந்தது. "பிரேக்க விடு. கியர்லயே போ. அவசரமில்ல."

கணவாய் உச்சியில் பலநிறத் துணிக்கொடிகள் காற்றில் படபடத்தன. வந்தவர்கள் எல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு போட்டோ எடுப்பமாடா?" என்றான் ஹரிஹரன். எடுக்காவிட்டால் சந்தேகம் வருமே என்று பயம்.

"வேணாம். ஒனக்கு மூச்சு முட்டுதுல்ல. எறங்கு."

இறக்கம் முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஹரிஹரன் கண்ணாடியைப் பார்த்தான். அந்த வண்டி அதே தூரத்தில், அதே நிதானத்தில் வந்துகொண்டிருந்தது. முகிலனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்று நினைக்கும்போதெல்லாம் ஹரிஹரன் பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டான்.

பிற்பகலில் உப்ஷி என்ற சிற்றூர் வந்தது. சிந்து நதியை ஒட்டி அங்கிருந்து லே வரை நல்ல சாலை. இனி பயமில்லை. டீக்கடை பெஞ்சில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஹரிஹரன் நண்பனின் கையைப் பிடித்தான்.

"முகிலா, ஒண்ணு சொல்லணும். பதறக் கூடாது."

"ப்ளைட்டு போட்டாச்சா?" என்றான் முகிலன்.

ஹரிஹரன் பிடித்திருந்த கையை விட்டுவிட்டான்.

"விடிஞ்ச நேரத்துல எங்க ஊர்ல ஒரு ஆம்பள கரையில இருக்க மாட்டான்டா. எல்லாரும் தொழில்ல இருப்பாங்க. தெருவுல ஒரு சாவுன்னாத்தான் எந்தப் போட்டும் எறங்காது. நீ என்னடான்னா மாமா இருக்காரு, கருப்பையன் அண்ணன் இருக்காரு, அப்பா மட்டும் கடலுக்குப் போயிட்டாருங்கிற." முகிலன் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"அப்பவே தெரியுமா? அத்தன மலையிலயும் இதத் தனியா மனசுல வச்சுக்கிட்டா வந்த? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா."

முகிலன் தன் டீயை அவன் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"சொல்லியிருந்தா, நீ அழுதுக்கிட்டே மலை எறங்கியிருப்ப."