இன்னொரு திருமதி ஹார்ட்விக்

"தனித்தனிக் கட்டிலா? நமக்கா?"

ஸ்வென்யா கைப்பேசியைக் கணவன் ஆர்மினின் மூக்குக்கு நேரே நீட்டினாள். எர்ஃபுர்ட் நகரத்துச் சின்ன ஹோட்டல் ஒன்றிலிருந்து வந்த மின்னஞ்சல்.

ஆர்மின் மூக்குக்கண்ணாடியைத் தேடினான். "எங்க போட்டிருக்கு?"

"மூணாவது வரி. தரைத்தளம், முற்றத்துப் பக்கம், தனித்தனிக் கட்டில். யாரு புக் பண்ணினது?"

"பிர்கிட்தான்."

பிர்கிட், ஆர்மினின் முதல் மனைவி. அவர்கள் மகன் ஹென்னிங்குக்கு மே மாதம் எர்ஃபுர்ட்டில் தச்சுத் தொழில் மாஸ்டர் பட்டம் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் இரண்டு இரவு தங்கல். அறைகளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பிர்கிட் முந்திக்கொண்டிருந்தாள்.

இந்த நாட்டில் இரட்டைக் கட்டில் என்றாலே இரண்டு மெத்தை, இரண்டு போர்வை, நடுவில் ஒரு பள்ளம். தம்பதிகளைப் பிரித்து வைக்க அந்தப் பள்ளமே போதும். பிர்கிட்டுக்கு அது போதவில்லை போலிருக்கிறது.

"வேற ரூம் கிடைச்சிருக்காது," என்றான் ஆர்மின்.

"அப்படியா? அவளுக்கு மட்டும் நாலாவது மாடி கிடைச்சிருக்கே. டபுள் பெட். ஜன்னலைத் திறந்தா பெரிய சர்ச் கோபுரம். தனியா வர்றவளுக்கு எதுக்கு டபுள் பெட்? உருண்டு விளையாடவா?"

"அவ கொஞ்சம் பருமன்தான்..."

"அவ உடம்பைப் பத்தி நீ பேசாதே!"

ஆர்மின் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

"இன்னும் கேளு. 'திருமதி ஸ்வென்யா ஹார்ட்விக்குக்குக் காலை உணவு அறைக்கே அனுப்பப்படும்.' எனக்கு மட்டும்! நீ, அவ, ஹென்னிங், மூணு பேரும் கீழ ஒண்ணா உட்கார்ந்து முட்டை உடைச்சுச் சாப்பிடுவீங்க. பழைய குடும்பம்! நான் ரூம்ல வீட்டுக்காவல்."

"பிர்கிட் அப்படிப்பட்டவ இல்ல, ஸ்வென்யா."

"பாரு, உடனே பரிஞ்சுக்கிட்டு வர்ற!"

ஆர்மின் வாயை மூடிக்கொண்டான். இரண்டு கல்யாணங்கள் அவனுக்கு அந்த அளவு கற்றுக்கொடுத்திருந்தன. கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டிய காலி பாட்டில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஸ்வென்யா ஹோட்டலின் இணையதளத்தைத் திறந்து நாலாவது மாடி அறையின் படத்தைப் பார்த்தாள். அவள் ஆசைப்பட்டது இப்படி ஒரு ஜன்னலுக்குத்தான். எர்ஃபுர்ட்டில் வைத்து ஆர்மினிடம் சொல்ல ஒரு விஷயத்தை மூன்று வாரமாகப் பொத்தி வைத்திருந்தாள். முற்றத்தில் வரிசையாக நிற்கும் நாலு நிறக் குப்பைத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது.

ஹோட்டலுக்குப் போன் செய்தாள்.

"வணக்கம், திருமதி ஹார்ட்விக் பேசறேன்."

பொய் இல்லை. விவாகரத்தின்போது வீட்டை விட்டுக்கொடுத்த பிர்கிட், கணவனின் குடும்பப் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஸ்வென்யாவின் மனதில்தான் இடமில்லை. ஆனால் இன்றைக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

"எங்க அறைகளை புக் பண்ணினது நான்தான்," என்று கூசாமல் பிர்கிட் ஆனாள். "ஒரு சின்ன மாற்றம். ரெண்டு ரூமையும் மாத்திடுங்க. ஆர்மினுக்கும் அவர் மனைவிக்கும் நாலாவது மாடி. தரைத்தளம் எனக்கு."

மறுமுனையில் வரவேற்புப் பெண் பழைய மெயிலைத் திறந்தாள்.

"நிஜமாவா சொல்றீங்க, மேடம்? எங்ககிட்ட லிஃப்ட் இல்லையே! முட்டிவலி இருந்தாலும் பரவாயில்ல, நாலு மாடி நான் ஏறிக்கறேன், அந்தப் பொண்ணு மட்டும் படி ஏறக் கூடாதுன்னு நீங்கதானே அவ்வளவு நீளமா மெயில் போட்டிருந்தீங்க?"

"நானா?"

"இதோ இருக்கே மேடம்." அவள் வாசித்தாள். "'கட்டில் தனித்தனியாக இருக்கட்டும். ஆர்மின் தூக்கத்தில் காலை உதறுவான். ஹென்னிங் என் வயிற்றில் இருந்தபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் அவள் எழுந்திருக்கும் முன்பே இரண்டு ரஸ்க்கும் இஞ்சித் தேநீரும் அறைக்குப் போய்விட வேண்டும். கீழே பன்றிக்கறி வறுபடும் வாடை அவளுக்கு இப்போது ஒத்துக்கொள்ளாது.'"

ஸ்வென்யா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"லைன்ல இருக்கீங்களா, மேடம்? ரூமை மாத்திடவா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

"நல்லதுங்க. கடைசியா நீங்க எழுதினதையும் எங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் கண்டிப்பா சொல்லி வெச்சுட்டேன்."

"கடைசியா... என்ன எழுதியிருந்தேன்?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாசித்தாள்.

"'இதெல்லாம் என் ஊகம்தான். ஈஸ்டர் விருந்தில் பச்சை இறைச்சி தடவிய ரொட்டியை அவள் தொடவில்லை, ஒயினைப் பூந்தொட்டியில் ஊற்றினாள். ஆர்மினுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் அவன் முகமே ஊருக்குச் சொல்லிவிடும். ஆகவே தயவுசெய்து, சாவி கொடுக்கும்போது யாரும் வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள். அவன் அதை முதலில் அவள் வாயால்தான் கேட்க வேண்டும்.'"