மூச்சு வாங்கும் சத்தம்

இரத்தத்துக்கு நேராக ஆக்ஸிஜன் ஊட்டும் கைப்பட்டை வந்த பிறகு யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை. அமைச்சர் பத்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டே உரையாற்றுகிறார். தொண்டர்களும் கூடவே ஓடுவதால் அவர்களுக்கு உரையிலிருந்து தப்பிக்க வழியில்லை.

ஒருகாலத்தில் மாவட்ட ஓட்டக்காரராக இருந்த எபனேசர், அன்று காலை பட்டையைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, தூத்துக்குடிக் கடற்கரையில் வேகம் பிடித்தார். முதலில் சுகமாகத்தான் இருந்தது. பிறகு கால்கள் கேட்ட காற்றை நெஞ்சால் கொடுத்து மாளவில்லை. நின்ற பின்னும் மூச்சு இரைத்தது. முழங்காலைப் பிடித்துக் குனிந்தபடி சிரித்தார்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"ஏல, பெரியவரு சாகப்போறாருல!"

ஆம்புலன்ஸில் வந்த இளம் டாக்டர் அப்படியொரு சத்தத்தைக் கேட்டதே இல்லை. அதை வெளியே காட்டாமல், "கடைசிக் கட்டம்" என்று கம்பீரமாக அறிவித்துவிட்டு, புதுப் பட்டையுடன் எபனேசரின் கையைப் பிடித்தார்.

மனைவி ஜெசிந்தா ஓடி வந்தாள். கல்லூரி மைதானத்தில், ஓட்டம் முடிந்த கையோடு, இப்படி இரைத்துக்கொண்டேதான் எபனேசர் தன் காதலை ஒவ்வொரு சொல்லாக அவளிடம் சொல்லி முடித்தார்.

"கையை விடுங்க டாக்டர். அது தானா அடங்கிரும்."

"அடங்கிட்டா அப்புறம் நான் எதுக்கும்மா?"

அவள் டாக்டரின் கையை விலக்கிவிட்டு, கணவரின் முதுகில் காதை வைத்தாள்.

"ஏங்க, சட்டுன்னு சரியாயிராதீங்க. இதக் கேட்டு எத்தன வருசமாச்சு!"