உள்ளங்கைக் கறை

கண்ணுசாமி உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். காவல் நிலையக் குழாயில் இரண்டு முறை கழுவியும் அந்தப் பிசுபிசுப்பு போகவில்லை.

"செஞ்ச பாவம் தண்ணிக்குப் போவுமா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் வெற்றிவேல். "கச்சிராயபாளையம் வளைவுல மலை பஸ்ஸ ஓவர்டேக் எடுத்திருக்க. எதுத்தாப்புல மொபெட்ல வந்த கரும்பு வெட்ற ஆளுக்குத் தொடை எலும்பு ரெண்டா போச்சு. அப்படி இன்னா அவசரம் உனக்கு?"

கண்ணுசாமி நிமிரவில்லை. "தப்புதாங்க."

எதிர் நாற்காலியில் ரைஸ்மில் முதலாளி இளஞ்செழியன், நெற்றி நிறைய விபூதியோடு பெருமூச்சு விட்டார். மோதிய கார் அவருடையது. கண்ணுசாமி அவருடைய டிரைவர். போன வாரம்தான் சாலைப் பாதுகாப்பு ஊர்வலத்தை இளஞ்செழியன் கொடியசைத்துத் தொடங்கி வைத்திருந்தார். அவர் கைகூப்பிச் சிரிக்கும் பேனர் இன்னும் நிலைய வாசலில் ஆடிக்கொண்டிருந்தது.

"எத்தினி தபா சொல்லியிருப்பேன் சார், வளைவுல முந்தாதடான்னு. நான் வூட்ல பூஜையில இருந்தேன். சேதி கேட்டதும் கையில இருந்த மணி கீழ வுழுந்துடுச்சு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நம்ம ஆளுன்னு பாக்காதீங்க."

"மூணு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். லைசென்சும் போயிடும். தெரியுமில்ல?" என்று வெற்றிவேல் கண்ணுசாமியைக் கேட்டார்.

கண்ணுசாமி தலையாட்டிவிட்டு மறுபடி உள்ளங்கையைத் தேய்த்தார்.

"இவன் பொண்ணு சங்கவியோட நர்சிங் படிப்பு இனிமே என் பொறுப்பு," என்று இளஞ்செழியன் அவர் தோளைத் தொட்டார். "தப்பு செஞ்சவன் குடும்பத்தயும் பாக்கணுமில்ல சார். அதான தர்மம்."

பெரிய மனசு என்று வெற்றிவேலுக்குத் தோன்றியது. பெரிய மனசுக்கு ஏலக்காய் போட்ட டீ வந்தது. கண்ணுசாமிக்கு எதுவும் வரவில்லை.

ஏட்டு எழில்மதிதான் தன் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். "குடிங்கண்ணே. அந்தாள நீங்களே தூக்கிக்கினு வந்து சேத்தீங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஓடிப்போவாம நின்னீங்களே, அதுவே பெருசு."

"வலியில கத்திக்கினு இருந்தாரும்மா," என்றவர் தயங்கினார். "கொஞ்சம் எண்ணெ கெடைக்குங்களா? இது தண்ணிக்குப் போவாது."

முருகன் படத்து விளக்குக்கு வைத்திருந்த புட்டியிலிருந்து எழில்மதி அவர் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார். தேய்க்கத் தேய்க்கக் கறை இளகியது.

"சார், அந்த மலை பஸ்ஸோட கண்டக்டர் சாட்சி சொல்ல வந்திருக்காரு," என்று வாசலிலிருந்து காவலர் சொன்னார்.

கண்ணுசாமி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வரச் சொல்லுங்க. நல்லா வெசாரிங்க சார், உண்மை வெளிய வரட்டும்," என்றார் இளஞ்செழியன், டீயை உறிஞ்சியபடி.

கண்டக்டர் கொளஞ்சியப்பன் தோளில் ஒரு சாக்கு மூட்டையோடு உள்ளே வந்தார். பெஞ்சில் இருந்தவரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. மூட்டையைக் கண்ணுசாமியின் காலடியில் பத்திரமாக இறக்கி வைத்தார்.

"இன்னாண்ணே, அடிபட்டவர தூக்க என் பஸ்ஸுலேர்ந்து மொத ஆளா குதிச்ச, மொதலாளி வூட்டுக்குன்னு மலையிலேர்ந்து அறுத்தாந்த பலாப்பழத்த சீட்டுக்கடியிலயே வுட்டுட்டியே."