மெருகேறாத பல்

கணவன் உடைத்த முன்பல்லின் மேல் டாக்டர் ஒரு தற்காலிக உறையைப் பொருத்தினார். வாசலில் அவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததால், மெருகேற்றும்வரை காத்திருக்காமல் சுகந்தி எழுந்து வந்துவிட்டாள். மெருகில்லாத உறை நான்கே நாளில் டீயையும் மஞ்சளையும் உறிஞ்சிப் பழுப்பேறிவிட்டது. அவள் அப்பா வருகிற காலையில் அவனே அவளுடைய தாடையைப் பிடித்துப் பல்பொடி போட்டுத் தேய்த்தான். சொரசொரப்புதான் கூடியது, கறை போகவில்லை.

"உங்கப்பன் முன்னாடி வாயத் தொறந்த, மிச்சப் பல்லும் இருக்காது."

அப்பா வந்தார். "என்ன தாயி, அப்பன் வந்திருக்கேன், ஒரு சிரிப்பக் காணோம்?"

"அவளுக்குப் பல்வலி மாமா, பேச முடியல" என்று அவன் முந்திக்கொண்டான். அவள் தோளில் கிடந்த அவனுடைய விரல்கள் எலும்பைத் தேடி அழுத்தின. சுகந்தி அப்பாவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.