கோழி தின்ற ஜல்லி

"ஏ கோழி, அடுத்த வீட்டு ஜல்லியத் தின்னா ஒனக்குச் செரிக்குமா?"

முன்வாசல் சுவரோரம் நின்று ஈஸ்வரபாண்டி உரக்கக் கேட்டார். கோழி பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாளுடையது. கேள்வியும் அவளுக்குத்தான்.

ஆளை நேரே திட்டினால் அது சண்டை. கோழியைத் திட்டினால் வெறும் ஜாடை. ஜாடைக்கு எந்த ஊரிலும் பஞ்சாயத்து கூட்ட முடியாது.

சங்கிலியம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"வாயத் தொறக்குதா பாரு. திருட்டுக் கோழி" என்று முடித்துவிட்டு அவர் உள்ளே வந்தார்.

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. மாடி கட்டுவதற்காக வாசலில் ஜல்லி இறக்கி வைத்திருந்தார். ஏலக்காய் வியாபாரத்துக்காக வாரத்தில் பாதி நாள் குமுளியில் கிடப்பவர். இந்தத் தடவை திரும்பி வந்து பார்த்தால் குவியல் இளைத்துப் போயிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே டீக்கடை சுருளியாண்டி போட்டுக் கொடுத்துவிட்டான்.

"சங்கிலியம்மாதான்ணே. சட்டி சட்டியா அள்ளிக்கிட்டு அவுக வீட்டுச் சந்துக்குள்ள போனாக. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

மனைவி தேவயானி சமாதானம் சொல்லிப் பார்த்தாள். "விடுங்க. இந்த வீடு கட்டுனப்ப அவுக கெணத்துத் தண்ணியத்தான எறச்சோம்?"

"தண்ணியும் ஜல்லியும் ஒண்ணா? எறச்ச தண்ணி ஊறும். அள்ளுன ஜல்லி ஊறுமா?"

தேவயானி ஏதோ சொல்ல வந்து, மென்று விழுங்கினாள்.

மகள் ஓவியாவுக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு உள்ளூரிலேயே வேலை. மாடியில் குடிவைப்பதாகச் சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் பேரூராட்சியில் கொடுத்த பிளானுக்கு இன்னும் அப்ரூவல் வந்தபாடில்லை.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். வீட்டில் மழைநீர் சேகரிப்பு இருந்தால்தான் பிளானில் கையெழுத்து என்று கண்டிப்பாக இருந்த நேரம். அதற்குத் தெருவே கூடி ஒரு வழி வைத்திருந்தது. மொட்டை மாடியிலிருந்து ஒரு பைப்பை இறக்கி, தரையில் ஒரு சாண் செருகி, சுற்றிச் சிமெண்டு பூசிவிடுவது. அடியில் குழியும் கிடையாது, கிழியும் கிடையாது. ஈஸ்வரபாண்டியும் வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒன்றை நட்டிருந்தார்.

"நெசமாவே ஒரு குழி வெட்டிருவோமே" என்று தேவயானி அப்போதே கேட்டாள்.

"வெட்டுனா? ஊறுற தண்ணி பூராம் நேரா சங்கிலியம்மா கெணத்துக்குப் போகும். எங்காசுல அவளுக்குத் தண்ணி பாய்ச்சணுமாக்கும்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் காலையில் ஓவர்சீயர் ஜெபமணி வந்தார். சிரிக்கத் தெரியாத மனுஷர். வீட்டுக்குள் நுழையாமல் பின்பக்கம் போகச் சங்கிலியம்மாள் வீட்டுச் சந்துதான் வழி. அவள் ஒதுங்கி நின்று வழிவிட்டாள். ஈஸ்வரபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

பைப்புக்கு அடியில் ஒரு கடப்பைக் கல் கிடந்தது. துணி துவைக்கப் போட்டதாகத் தேவயானி சொல்லியிருந்தாள். பைப்பின் லட்சணத்தை அது மறைத்ததில் அவருக்கும் சந்தோஷம்தான்.

"மேல ஏறி நாலு கொடம் தண்ணி ஊத்தச் சொல்லுங்க" என்றார் ஓவர்சீயர்.

ஈஸ்வரபாண்டி பைப்பை மறைத்தாற்போல முன்னால் வந்து நின்றார். "எதுக்கு சார்? அதான் பைப்பு இருக்குல்ல."

"பைப்பு எல்லா வீட்லயும்தான் இருக்கு."

தேவயானி குடத்தோடு மாடி ஏறினாள். ஈஸ்வரபாண்டி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். இதோ தண்ணீர் பொங்கி வெளியே வரப் போகிறது. பிளான் திரும்பிவிடும், தையும் போய்விடும். சம்பந்தி முகத்தில் எப்படி முழிப்பது?

பைப்புக்குள் கடகடவென்று சத்தம் இறங்கியது. தரை நனையவில்லை. அடுத்த குடமும் போன இடம் தெரியவில்லை. நாலாவது குடமும் அப்படியே.

ஓவர்சீயர் கடப்பைக் கல்லை நகர்த்தச் சொன்னார். கீழே மணல். ஒரு குச்சியால் கிளறினார். மணலுக்கு அடியில் ஜல்லி, குழி நிறைய ஜல்லி.

"இந்தத் தெருவுல நெசக் குழி ஒங்க வீட்ல மட்டும்தான் இருக்கு. நாளைக்கு ஆபீஸுக்கு வந்து அப்ரூவல் வாங்கிக்கங்க."

அவர் போன பிறகும் ஈஸ்வரபாண்டி குழியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"யாரு வெட்டுனா?"

"நானும் சங்கிலியம்மா மதினியும்தான், நீங்க குமுளியில இருந்தப்ப. நான் வெட்டுனேன். அவுக நம்ம வாசல்ல இருந்து ஜல்லி சொமந்து, சந்து வழியாக் கொண்டாந்து கொட்டுனாக."

அவருக்கு முகம் சுருங்கிப் போனது. கூசிக் குறுகி நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் கோழி கொக்கரிப்பது கேட்டது.

"நேத்து அந்தப் பேச்சுப் பேசுனேனே, அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அவுகதான் வேணாம்னுட்டாக. இப்பச் சொன்னா ரோசத்துல குழிய மூடிருவாரு, ஓவியா கல்யாணம் தள்ளிப் போயிரும், கையெழுத்து ஆகட்டும்னாக. அதுவரைக்கும் திட்டு கோழிக்குத்தான, எனக்கு இல்லையேன்னாக."