சூடாகுமா?

பழனிசெட்டிபட்டி வீட்டின் உள்ளறையில், மேசைமேல் இருந்த கேமிங் லேப்டாப்பைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான் இனியன்.

“சூடாகுமா?”

“ரொம்ப நேரம் விளையாண்டா ஆகும். அடியில கூலர் வச்சிருக்கேன்,” என்றாள் திரிஷா.

“கிராஃபிக்ஸ் கார்டு?”

“எட்டு ஜிபி. பெரிய கேமும் ஹேங் ஆகாம ஓடும்.”

“ஃபேன் சத்தம்?”

“இருக்கும். பழகிக்கிறணும்.”

“இதுக்கு முன்னாடி யாரும் வந்து பாத்தாகளா?”

“கம்பத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு. ரேஸ்ல தோத்ததும் கன்ட்ரோலரைத் தூக்கி அடிச்சாரு. சரிப்பட்டு வராதுன்னு அனுப்பிட்டோம்.”

“நான் ஓட்டிப் பாக்கலாமா?”

ஆளுக்கொரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டார்கள். முதல் ரேஸில் இனியனின் கார் சுவரில் மோதியது. அடுத்ததில் பள்ளத்தில் விழுந்தது. அதற்கடுத்ததில் அவள் எல்லைக்கோட்டைக் கடந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோதும் அவன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“லேப்டாப்புல குறை இல்ல. எனக்குத்தான் ஓட்டத் தெரியல,” என்று கன்ட்ரோலரை மேசையில் வைத்தான்.

கதவைத் தட்டிவிட்டு திரிஷாவின் அப்பா எட்டிப் பார்த்தார்.

“தம்பி, பொண்ணுகிட்டத் தனியாப் பேசணும்னீகளே, பேசியாச்சா? தட்டு மாத்திரலாமான்னு வெளிய உங்க அம்மா கேக்குறாக.”

“எனக்குப் பிடிச்சிருக்குங்க. இவுகளைக் கேளுங்க.”

திரிஷா மேசையைப் பார்த்தாள். கன்ட்ரோலர் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

“மாத்தச் சொல்லுங்கப்பா,” என்றாள்.